மற்றவை

பதினொரு கிலோ நானூறு.
வால் தட்டுக்கு வெளியே தொங்கியது.
ஆறுச்சாமி மரியாதையாக அதைத் தூக்கிப் பிடிக்க
இருநூறு கிராம் குறைந்தது.
விடுங்க, தொங்கட்டும் என்றேன்.

விடியற்காலை நாலு பத்து.
வாளையாறு அணை, கூட்டுறவுச் சங்கக் கொட்டகை.
மேலே நெடுஞ்சாலையில்
கோயமுத்தூருக்குப் போகும் லாரிகள்
மழையில் கியர் மாற்றிக்கொண்டிருந்தன.
ஆத்துப் பேரிலேயே வாளை இருக்கு என்பான் ஆறுச்சாமி.
அது வளைந்து போவதால் வந்தது என்பார் செக்ரட்டரி மாதவன்குட்டி.
மீனைக் கேட்டால் வாயைத் திறக்கும்.
வேறென்ன செய்யும்,
தலையில் முக்கால்வாசி வாய்தான்.
கண்ணையும் தாண்டிப் போகிறது அதன் கோடு,
சிரிக்க ஆரம்பித்து
நிறுத்த மறந்தவன் போல.

செதில் கிடையாது.
நனைந்த ரெக்சின் முதுகு.
முதுகுத் துடுப்பு ஒரு கட்டைவிரல் அளவு, ஒப்புக்கு.
அடித்துடுப்போ வயிற்றில் தொடங்கி
வால்வரை ஓடுகிறது, சேலைக் கரை மாதிரி.
மேலுதட்டில் நீள மீசை இரண்டு,
தாடையில் குட்டை இரண்டு.

தோல் முழுக்க நாக்கு அக்கா, என்றாள்
ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் ரெஹனா.
பகலில் கரையடிப் பொந்தில் கிடக்கும்.
இருட்டினால் கிளம்பும்.
கலங்கல் தண்ணீரில் ஒரு கெண்டை
செவுளை அசைத்தால் போதும்
அந்தத் துளி மின்சாரம் இதற்குத் தெரிந்துவிடும்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பதினாறு வருஷமாக
ஆண்கள் நடுவில் ராத்திரி எடை போடுகிறவளுக்கு
பின்னால் வந்து நிற்பது யாரென்று
திரும்பாமலே தெரியும்.

கத்தி இறங்கியது.
ஒரு ஜிலேபிக் கெண்டை, முழுசாக.
பாதி கரைந்த தவளை.
மந்திரி குடத்தைச் சரித்து, கைதட்டலோடு விட்ட
ரோகுக் குஞ்சுகள் ஆறு.
பிறகு, விரல் நீளத்தில்
இன்னொரு வாளை.
அதன் பிள்ளையோ அடுத்ததன் பிள்ளையோ.

கள்ளன், என்றார் செக்ரட்டரி.
சங்கத்துக் காசைத் தின்ற கள்ளன்.
கள்ளி சார், என்றாள் ரெஹனா,
இன்னும் கொஞ்சம் கீறி.

இரண்டு பை. வெளிறிய மஞ்சள்.
ஒரு கிராமை ஊசியால் எண்ணி
போனில் பெருக்கினாள்.
சைபர்கள் வந்துகொண்டே இருந்தன.

எடவப்பாதி மழை கணவாயில் நுழைந்ததும்
புதுத்தண்ணி வாசம் பிடித்து ஏறும்.
முழங்கால் ஆழத்தில், மூழ்கின புல்லில்,
ஆண் வந்து சுற்றிக்கொள்ள, கொட்டும்.
அத்தோடு சரி.
காவல் கிடையாது, திரும்பிப் பார்ப்பது கிடையாது.
ஒரே நாளில் பொரியும்,
கண் திறந்த சூட்டில்
கூடப் பிறந்ததைக் கடித்துப் பார்க்கும்.

எங்கே போட்டாய் வலையை?
செக்ரட்டரி கேட்டதும்தான் எல்லோரும்
ஆறுச்சாமியைப் பார்த்தோம்.
ஓடை வாயில் பலகை வைத்திருக்கிறது,
ஏறும் மீனைப் பிடிக்கக் கூடாதென்று.
எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதே, என்றான்.
கடன் கேட்க மட்டும்
கவிதை மாதிரி பேசுவான் அதை.

பேரேட்டைத் திறந்தேன்.
கட்லா. ரோகு. மிருகால். ஜிலேபி.
கடைசியில் மற்றவை.
ஆமையும் விலாங்கும் ஒரு தடவை முதலைக்குட்டியும்
போன பத்தி அது.
சர்வே எடுத்த பையன் எங்கள் வீட்டுத் தாய்மொழிக்கும்
அதே கட்டத்தில்தான் டிக் போட்டான்.
ஓடை என்று எழுத இடமில்லை,
சினை என்று எழுதவும் இல்லை.
11.400 என்று மட்டும் எழுதினேன்.
செக்ரட்டரி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பை பார்மலின் பாட்டிலுக்குப் போனது.
இன்னொன்றை ஆறுச்சாமி
மிளகாய்த்தூளோடு கற்பனை செய்தபடி
பாலித்தீன் கவரில் முடிந்துகொண்டான்.

எல்லோரும் போன பிறகு
தராசைக் கழுவினேன், இரண்டு வாளி.
காலித் தட்டில் நாற்பது கிராம் காட்டியது.
கொழகொழப்பு.
துடைத்தேன். முப்பத்தைந்து.